கிளாக்கை இரண்டாம் முறை அணைத்தவள்

காளவாசலில் எங்கள் ஆபீஸ் சின்னது. வயலில் மண் ஈரம் அளக்கும் பேட்டரிக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுகிறோம். டீம் லீட் வேலையை விட்டுப் போனதும் அந்த இடம் எனக்குத்தான் என்று வில்லாபுரத்தில் எங்கள் தெரு வரைக்கும் பேச்சு. அந்த நேரம் பார்த்து மேலூரிலிருந்து ஒருவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். என்னைவிட வயதில் சின்னவன். மேனேஜர் எதற்கெடுத்தாலும் அவன் மேஜைக்கே போய் நின்றார். எனக்கு வயிறு எரிந்தது.

சிப்பின் ஒவ்வொரு பகுதியும் ஓடுவதற்குக் கிளாக் என்ற மின்துடிப்பு வேண்டும். அது காம்பவுண்டு வீடுகளின் பொதுத் தண்ணீர் மோட்டார் மாதிரி. வேண்டியவர் போடச் சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் போதும் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் போதும் என்றால்தான் நிற்கும். அணைக்க மறந்தால் பேட்டரி தீரும். கூடுதலாக ஒரு தடவை அணைத்தாலோ, இதற்கெல்லாம் கணக்கு வைக்கும் கெர்னல் என்ற மைய மென்பொருள் சும்மா விடாது.

அவன் எழுதிய டிரைவரைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், அதில் என்ன ஒளிவு மறைவு? கிளாக்கைப் போடும் வரி இருந்தது. அணைக்கும் வரி எங்குமே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரைவரை நீக்கும் இடத்தில் அணைக்கும் வரியை நானே சேர்த்தேன். மேனேஜரைக் கூப்பிட்டு, மொத்த டீமையும் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினேன்.

டிரைவரை நீக்கியதும் திரை நிறைய எச்சரிக்கை ஓடியது. ஏற்கெனவே அணைந்த கிளாக்கை மறுபடி அணைக்கிறார்களாம்.

அவன் என் நாற்காலி பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "அக்கா, கிளாக்கப் போட நான் எழுதுனது புதுசா வந்த ஃபங்ஷன். டிரைவர நீக்கும்போது தானாவே அணைச்சிரும். நீங்க ஒருவாட்டி அணைச்சிட்டீக, அது ஒருவாட்டி அணைக்குது."

போட்டவர்தான் அணைக்க வேண்டும் என்று இத்தனை வருடம் எழுதிப் பழகியவள் நான். தானாக அணையும் என்று கனவா கண்டேன்?

என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நாந்தான் சார், அந்த வரிக்கு மேல ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கணும். அக்கா மேல தப்பில்ல."

மேனேஜர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். டீமை நடத்துகிறவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் எதிரிலேயே சொன்னார். அவன் என்னை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டியிருந்தால், வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைக் காப்பாற்றியே அந்த இடத்தை வாங்கிக்கொண்டான்.