மின்சாவின் கல்யாணத்தில் இரண்டு நிமிடக் குலவை

என் தங்கை மின்சா ஐந்து வயது வரை பேசவில்லை. ஏரிக்கரை ஊரான முவான்சாவில் எங்கள் தெருவே ஆளுக்கொரு காரணம் சொன்னது. ஒருநாள் காலை, ஏரிக்கரையில் அம்மாவின் தோளில் இருந்தபடி தெளிவாகச் சொன்னாள்: "எட்டு மணிக் கப்பல் மூணு நிமிஷம் லேட்டு."

அம்மா மீன்கூடையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள். மீன்களை நாரைகள் தின்றுவிட்டுப் போயின.

அவளுடைய ஒன்பது வயதில் டாக்டர் 'ஆட்டிசம்' என்றார்.

"மருந்து கிடையாதா?" என்றாள் அம்மா.

"இது நோய் இல்லம்மா. இவ மூளை அமைஞ்ச விதமே இப்படி. சத்தமும், திடீர்னு கட்டிப்பிடிக்கிறதும்தான் இவளுக்கு ஆகாது."

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் கதவை அறையவில்லை. அப்பா தும்மல் வந்தால்கூட வெளியே ஓடினார். பள்ளியில் அவளைப் 'பொம்மை' என்றார்கள். "பொம்மை மூச்சு விடாது" என்று ஒவ்வொருவரையும் பொறுமையாகத் திருத்தினாள்.

இருபத்திரண்டு வயதில் படகுத்துறையில் அறிவிப்பு செய்யும் வேலை கிடைத்தது. பொய் மட்டும் அவளுக்கு வரவே வராது.

"பயணிகள் கவனத்துக்கு. படகு தயார். கேப்டன் இன்னும் சாப்பிடுறார். இப்பதான் ரெண்டாவது மீனை எடுத்தார்."

துறையே விழுந்து விழுந்து சிரித்தது. கேப்டன் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

படகின் எஞ்சின் அறையில் ஷிஜா என்றொரு மெக்கானிக். ஒருநாள் காதடைப்பான் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "எஞ்சின் பக்கத்துல நாங்க மாட்டிக்கிறது. உனக்குன்னு புதுசா வாங்கினேன்."

அவள் ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாருக்கு. நாளைக்கும் வா. பத்தேகாலுக்கு."

இரண்டு வருடம் பத்தேகாலுக்கு வந்தான். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டபோது, "சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமைன்னா சரி" என்றாள்.

தடையாக நின்றவள் கபூலா அத்தை. குலவையில் எங்கள் பேட்டையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "குலவை இல்லாம ஒரு கல்யாணமா? அதுக்குப் பேரு சாவு வீடுடி!"

மின்சா மூன்று நாள் யோசித்து ஒரு தாளோடு வந்தாள். "நாலு பத்துக்கு. ரெண்டு நிமிஷம். அப்ப நான் காதை மூடிக்குவேன். மத்த நேரமெல்லாம் குலவைக்குப் பதிலா துணியை வீசுங்க, அத்தை."

செவ்வாய்க்கிழமை மண்டபம் முழுக்க வண்ணத் துணிகள் சத்தமில்லாமல் பறந்தன. சிரிப்பை அடக்க முடியாமல் பலர் துணியைக் கடித்துக்கொண்டார்கள். அத்தை கன்னத்தை உப்பிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். நாலு பத்து ஆனதும் கூரை அதிர்ந்தது! நாலு பன்னிரண்டுக்கு எல்லோரும் நிறுத்தினார்கள், அத்தையைத் தவிர.

மின்சா மைக்கை எடுத்தாள். "அத்தை, பதினோரு செகண்ட் அதிகம்."

"ஐயோ, என்னைப் பெத்த மவளே!" என்று அத்தை ஓடிவந்தவள், தொடாமல் நின்று, காற்றிலேயே அவளைக் கட்டிப்பிடித்தாள்.

மின்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைகள் இரண்டையும் தோளருகே படபடவென்று உதறிக்கொண்டு குதித்தாள். ஷிஜாவும் உதறினான். அப்பா, அத்தை, கேப்டன், ஏழு மாதக் கர்ப்பிணியான நான், இருநூறு பேரும் உதறினோம்.

கல்யாணப் படத்தில் எங்கள் முகமெல்லாம் தெளிவாக இருக்கிறது. உதறிய கை மட்டும் ஒருவருக்கும் சரியாக விழவில்லை.