மூடியில் வைத்த அரக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் நானும் கழக்கூட்டம் ரோட்டில் புறப்பட்டோம். அப்பாவின் டாக்சி ஓட்டத்தில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்பதற்காகவே போன பயணம். ஸ்ரீகாரியம் தாண்டி, இருபுறமும் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த இடத்தில் நின்றது. மழை விட்டிருந்தது. அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தார். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார்.

அப்பாவின் பெயர் ராஜையன். பாறசாலைக்குத் தெற்கே பிறந்தவர். பதினாறு வயதில் பஸ் கிளீனராகத் திருவனந்தபுரம் வந்தார். பிறகு டிரைவர். ஒரு வக்கீல் வீட்டில் பத்து வருஷம் கார் ஓட்டினார். 1947-இல் வக்கீல் புது வண்டி எடுத்தபோது பழையது அப்பாவுக்கு வந்தது. அதை டாக்சியாக்கிப் பழவங்காடி ஸ்டாண்டில் போட்டார். மைல் காட்டும் எண்கள் ஒரு தடவை முழுக்கச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன.

பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிறவர்கள் விலகும்வரை ஹாரன் அடிக்க மாட்டார். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் அடிப்பார்கள்; அப்பா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வலியசாலைத் தெருப் பெண்களில் சிலர் அவர் கையைத் தொட்டு இறங்க யோசிப்பார்கள். அவர்களுக்குக் குடையின் பிடியை நீட்டுவார். எனக்குக் கோபம் வரும். அவருக்கு வராது. விழாமல் இறங்கினால் போதும் என்பார்.

அந்தத் தெருவில்தான் சிவகாமியம்மாள் இருக்கிறார். நாஞ்சில் நாட்டுக்காரர், விதவை. மகன் கல்கத்தாவில். ஸ்ரீகண்டேஸ்வரம் கோயிலுக்கானாலும் டாக்டர் வீட்டுக்கானாலும் ஏழு வருஷமாக அப்பாவின் வண்டிதான். முதல் வருஷம் குடைப்பிடியைப் பிடித்து இறங்கினார். அப்புறம் எப்போதோ அப்பாவின் முழங்கையைப் பிடிக்கத் தொடங்கினார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த ஆடியில் அவருக்குக் கண்புரை எடுக்க நாள் குறித்தார்கள். சேர்க்க வேண்டிய செவ்வாய்க்கிழமை, வழியில் எதற்கும் நிற்க வேண்டாம் என்று அப்பா டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார். புளிமூட்டு ஏற்றத்தில் வண்டி நின்றது. முன்னால் செருகிக் கிளப்புகிற கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். கிளம்பவில்லை. அந்த அம்மாள் வெயிலில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்து, கடைசியில் ரிக்‌ஷாவில் ஏறிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். அப்பா பக்கத்திலேயே நடந்து போனார்.

ஏறும்போது அந்த அம்மாள் சொன்னதை அப்பா வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

“கொண்டு விடத்தான் ஒனக்க வண்டிக்குச் சோம்பலு. திரும்பி வாறது வேற ஆருக்க வண்டியிலயும் இல்ல, கேட்டியா ராஜையா?”

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்ப்பார்கள். தலை அதிரக் கூடாது, குனியக் கூடாது, வெயில் படக் கூடாது. நடுரோட்டில் நின்று, தள்ளி, குலுக்கிக் கிளப்புகிற வண்டியில் அவரைக் கூட்டிவர முடியாது. வேறு வண்டி அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அப்பா வண்டியின் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். மதராஸில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வண்டிகளைப் பற்றித் தனியாக ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் எங்கிருந்து தேடுவது என்று தெரியும். பிளக் கம்பியைக் கழற்றி இரும்புக்கு அருகில் பிடித்தேன். அப்பாவைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். நீலப்பொறி, நல்ல கனமாக விழுந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் இரண்டு தடவை சுற்றச் சொன்னேன். சுற்றினார். மட்கார்டில் சாய்ந்து நின்று இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். கைப்பிடி பின்னால் உதைத்திருக்கும் என்று நினைத்தேன்.

நெருப்பு இருக்கிறது. அப்படியானால் பெட்ரோல். இந்த வண்டியில் டாங்க் முன்கண்ணாடிக்குக் கீழே, உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் தன் பாரத்திலேயே இறங்கி வரவேண்டும். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றினேன். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

அப்பா குழாயைக் கையில் வாங்கி வாயில் வைத்து ஊதப் போனார். அப்போதுதான் கேட்டேன். மூன்று வாரமாக இப்படித்தானாம். நாலு மைல் ஓடினால் நிற்கும்; ஊதினால் கிளம்பும். குழாயில் அழுக்கு என்று நினைத்திருக்கிறார். அம்மா அந்த நாட்களில் ஏன் அப்படிக் கேலி செய்தாள் என்று எனக்கு விளங்கியது. “ஊருல ஆம்பிளைகள் கள்ளு மணத்தோட வருவாங்க, இஞ்ச ஒருத்தரு பெட்ரோலு மணத்தோட வாறாரு.”

டாங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்குமா, காலியாக இருந்தால் சீக்கிரம் நிற்குமா என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நிறைந்திருந்தால்தான் என்றார். அதனால் ஒரு கேலனுக்கு மேல் போடுவதில்லையாம். புளிமூட்டில் நின்ற அன்று மட்டும் நிறையப் போட்டிருந்தார்; அன்று ஊதியும் பலிக்கவில்லையாம்.

அழுக்கு என்றால் அப்படி இருக்காது. நான் போய் டாங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கழற்றி விட்டிருந்த குழாயிலிருந்து பெட்ரோல் தானாகவே கொட்டி அப்பாவின் காலை நனைத்தது. அவர் காலை எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் ஓடிப்போய் குழாயை விரலால் அடைத்தேன்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். ஓட்டையில் சிவப்பு அரக்கு. தபாலாபீசில் முத்திரை வைக்கிற அரக்கு. வழித்து, தேய்த்து, அழகாக வைத்திருந்தது.

“இத ஆருப்பா அடச்சது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“நீ தானே மக்களே சொன்ன, கார்புரேட்டர்ல வெள்ளம்னு. மழையில வேற எது வழி கேறும்?”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை வண்டி கிளம்பாமல் பெட்ரோல் நாற்றம் அடித்தது. வண்டியோடு வக்கீல் தந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கார்புரேட்டரில் தேவைக்கு மேல் பெட்ரோல் நிரம்பி வழிவதை அதில் ‘ஃப்ளடிங்’ என்று ஒரே சொல்லில் போட்டிருந்தது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்றபடி, மதராஸ் ஹாஸ்டலில் பழகிய தமிழில், சரியான சொல்லாகப் பார்த்து, “கார்புரேட்டரில் வெள்ளம்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் வீட்டில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். இருபது வருஷம் நானும் அப்படித்தான் கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டு வருஷப் படிப்பில் மறந்திருக்கிறேன். அப்பா மறக்கவில்லை. நான் சொன்னபடி தண்ணீரைத் தேடியிருக்கிறார். டாங்கைக் காலிசெய்து, பெட்ரோலைத் துணியில் வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்திருக்கிறார். துடைத்ததில் உள்ளே சிக்கியிருந்த தூசு போய், அந்தக் கோளாறு அன்றைக்கே சரியாகிவிட்டது. புத்தகம் சொன்னது பலித்தது என்று நம்பியிருக்கிறார். இனி மழைத்தண்ணீர் இறங்க வேண்டாம் என்று தபாலாபீசில் ஒருவரிடம் கேட்டு அரக்கும் வாங்கி வைத்துவிட்டார்.

நான் சொன்னேன். வெள்ளம் இல்லையப்பா, பெட்ரோல் கூடிப்போச்சு என்றுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“அம்மைட்ட சொல்லண்டாம்,” என்றார். “எனக்க வாய் நாறினதுக்கு நீ தான் காரணம்னு தெரிஞ்சா ஒன்ன விடமாட்டா.”

என் கொண்டை ஊசியை வாங்கி, வண்டியிலிருந்து தள்ளிப்போய் உட்கார்ந்து அரக்கைக் குத்தி எடுத்தார். அந்த ஊசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக் கழக்கூட்டம்வரை தனியாகப் போய்த் திரும்பினார். நிற்கவில்லை. சாயங்காலம் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த அம்மாள், வண்டி சரியாச்சா என்றுதான் முதலில் கேட்டாராம். வீட்டு நடையில்தான் நிற்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாண்டில், ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சு. அடுத்த வண்டி டிரைவர் வேலாயுதன், சவாரி வந்திருக்கிறது என்று சொல்லத் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்தது. ஊரார் நெஞ்சையெல்லாம் தினம் படம் எடுக்கிறேன். அப்பாவின் நெஞ்சை எடுத்ததில்லை. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கைப்பிடியைச் சுற்றச் சொன்னது நான். மூன்று தடவை.

நேற்று அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் வேலாயுதன் என்னிடம் வந்தார். அரக்கு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமையே அப்பா ஸ்டாண்டில் சொல்லிவிட்டாராம்.

“எல்லாருட்டயும் சொன்னது என்னான்னு அறியுமா மோளே? அரக்கு வச்சது எனக்க மண்டத்தனம். கண்டுபிடிச்சது எனக்க மோளு. இத்ரயும்தான் சொன்னாரு.”

வெள்ளம் என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலாயுதனிடம் நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியைத் தான் ஓட்டுவதாகச் சொன்னார்.

இன்று வியாழக்கிழமை. காலையில் கண்ணாஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். சிவகாமியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பதினைந்து நாளைக்கு அழக் கூடாது, தையல் விட்டுவிடும் என்று நர்ஸ் சொன்னாள். கட்டு அவிழ்த்தாலும் கண்ணாடி போடும்வரை முகம் தெரியாது; ஆனால் என்ஜின் சத்தம் அவருக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் அப்பாவிடம்தான் ஏதாவது கேட்பார். வேலாயுதன் வாயைத் திறக்காமல் ஓட்டுவதாகச் சொல்கிறார். கேட்டால், கூட உட்காரப்போகிற நான் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

டாங்க் நிறைந்திருக்கிறது. நாளை பத்து மணிக்கு அவரை வலியசாலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.