பச்சைக் கதிரை

மாலை ஆறு ஐந்து. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் முதலில் கண்டேன். நம்புவது உங்கள் விருப்பம். இது என் வீட்டுச் சுவரில் நடந்தது.

சாய்ந்தமருதில் புது வீடு. என் மனைவி ஆதிலாவுக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"வெள்ளச் சுவரப் பாத்துப் பாத்து என்ட கண்ணும் வெள்ளையாப் போகப் போகுது," என்றாள்.

காரைதீவில் வினோஜா என்ற பெண் கணினியில் படம் செய்து, அச்சடித்து, மலிவாக விற்கிறாள். பொப் ஆர்ட். பளீரென்ற நிறம், தடித்த கோடு, புள்ளி புள்ளியாய் நிழல். முதலில் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினாள். வேண்டாம் என்றேன். உருவப்படம் தொங்கும் வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள். யாரும் உட்காராத கதிரைப் படத்தை எடுத்தேன். ஒரே கதிரை, நான்கு நிறங்களில்.

கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். ஆதிலா சிரித்தாள். "நாலு கதிர வாங்கியிருக்கீங்க. இருக்கத்தான் ஆளில்ல."

அன்று மாலைதான், பச்சைக் கதிரைக்கு மேல் ஒரு கறுப்பு. மை கசிந்திருக்கும், கடற்காற்று என்று நினைத்தேன். விரலால் தேய்த்தேன். காய்ந்திருந்தது.

மறுநாள் அது கூந்தல். அதற்குக் கீழே தோள்... புள்ளி புள்ளியாய். முதுகு காட்டி இருந்தாள் ஒரு பெண்.

"உனக்கும் தெரியுதா?"

"ஓம். நேத்துலருந்து. பாவம், சும்மாதான் இரிக்கா."

படத்தைக் கழற்றினேன். அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன்.

படம் ஆணியில் தொங்கியது.

"ஆரு மாட்டின?"



பச்சைக் கதிரை வெறுமையாக இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பிறகு கட்டிலைப் பார்த்தேன்.

ஆதிலா ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தாள். பாதிக் கட்டிலை விட்டு...

விட்ட பக்கத்துத் தலையணை பள்ளமாக இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அன்றே மருதமுனைக்கு, அவள் உம்மா வீட்டுக்குப் போனோம். மறுநாள் படத்தை வினோஜாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன நானா, ஆதிலா ராத்தாக்குப் புடிக்கல்லயா?"

"மாட்ட இடமில்ல."

கடதாசியில் சுற்றியபோது பார்த்திருந்தேன்; கதிரை அப்போதும் வெறுமைதான்.

மகள் பிறந்தாள். சுகமாக. றுமானா என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் முடிந்த மறுநாள், காலை. நான் முற்றத்தில். ஆதிலாவும் அவள் உம்மாவும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை உள்ளறையில், சேலை ஏணையில். கயிறு கிறீச்... கிறீச்... என்று ஆடியது.

போன் அடித்தது. வினோஜா.

"நானா, நீங்க தந்த படத்த இப்பதான் பிரிச்சன். பச்சைக் கதிரையில பொம்புள ஒராள் இருக்கா. முகம் இஞ்சால திரும்பி. மடியில சின்னப் புள்ள ஒண்டு. நான் அப்பிடிச் செய்யல்ல."

ஏணைச் சத்தம் நின்றது.

"நானா... உங்கட புள்ள இப்ப ஆரிட கையில?"