பக்கத்தில் போனால் மட்டும் திறக்கும் கார்

நம் வெள்ளைக் காரை நான் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். வலங்கைமானில் ஒருவர் வைத்திருந்தது. அப்போது உங்களில் பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வரவில்லை, சின்னவள் பிறக்கவே இல்லை. வண்டியோடு ஒரே ஒரு சாவிதான் வந்தது. ரிமோட் அந்தச் சாவியின் தலையிலேயே இருந்தது. கதவில் இருக்கும் சாவித் துளை துருப்பிடித்துக் கிடந்ததால் சாவியை விட்டுத் திருப்ப முடியாது. ரிமோட்டை அமுக்கினால்தான் உண்டு. அமுக்கினால் விளக்குகள் ஒரு தடவை சிமிட்டும், கதவு திறக்கும்.

வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினேன். உங்கள் அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. காரணம் உங்கள் சின்ன மாமா. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. அவரும் டிரைவர்தான். ஒரு நாள் தஞ்சாவூர் ரோட்டில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, டீ குடிக்க எதிர்ப்பக்கம் நடந்தார். லாரி அடித்துவிட்டது. அவர் ஓட்டிவந்த வேனில் ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் கார் வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது உங்கள் அம்மா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இருக்கிற குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்பது அவள் கட்சி. ஒரு வருசம் தண்ணீர் வருகிறது, ஒரு வருசம் வயல் காய்கிறது, அதை மட்டும் நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது என்பது என் கட்சி. வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவள் ஒரு முடிவு சொன்னாள்.

"சம்பா அறுவடை முடியற வரைக்கும் ஓட்டிப் பாருங்க. அப்பவும் எனக்கு மனசு ஒப்பலேன்னா வித்துடணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

கொஞ்ச நாளில், அவளாகவே சாவிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். கறுப்பு ரெக்சின், உள்ளே பஞ்சு வைத்தது. பொத்தான் இருக்கும் இடத்தில் மட்டும் துளை. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு பார்த்தால், ரிமோட் பக்கத்தில் போனால்தான் வேலை செய்தது. ஒரு கை நீட்டினால் காரைத் தொடலாம் என்ற தூரம் வரை போக வேண்டும். பழைய வண்டியின் குணமே இதுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். பாபநாசம் கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு ஆயிற்று. அவர்கள் வண்டியெல்லாம் டீக்கடையிலிருந்தே திறக்கும். என் வண்டி மட்டும் கட்டிப்பிடித்தால்தான் கண்ணடிக்கும் என்பார்கள். ஒருவர், சாவியைத் தாடையில் ஒட்டிவைத்து அமுக்கினால் தூரம் கூடும் என்று சொல்லிக் கொடுத்தார். அது உண்மையும்கூட, கொஞ்சம் கூடியது. ஆனால் நான் தாடையில் சாவியை வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, பல்வலிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று சிரித்தார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. எனக்கு நிரந்தரமாக இருந்த சவாரி ஒன்றே ஒன்றுதான். பாபநாசத்தில் ஒரு டீச்சர், தன் அப்பாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் கூட்டிக்கொண்டு போவார். முடிந்து வரும்போது பெரியவர் துவண்டுபோய் இருப்பார். டீச்சர் மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவரைத் தாங்கிக்கொண்டு நேராகக் காருக்குப் போவார். நான் மருந்துக்கடை வரிசையில் நின்றபடியே கதவைத் திறந்துவிட வேண்டும். திறக்காது. நான் ஓடிவரும் வரை அவர் வெயிலில் நிற்பார். ஒரு நாள் நிற்க முடியாமல் கார் சக்கரத்தோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் திட்டவில்லை. "அப்பாவால நிக்க முடியாதுங்க. இத எப்படியாச்சும் சரி பண்ணுங்க. இல்லேன்னா நாங்க வேற வண்டி பாக்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சவாரி போனால், அறுவடை முடிவதற்கு முன்பே உங்கள் அம்மா கட்சி ஜெயித்துவிடும்.

மறுநாள் கடைத்தெருவில் சாவி, செல்போன் பழுது பார்க்கும் பாயிடம் போனேன். துபாயில் பல வருசம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். உறையைக் கழற்றி, சாவியைப் பிளந்து, பொட்டுப் போல இருக்கும் பேட்டரியை மாற்றினார். அமுக்கிப் பார்த்தேன், தெருக்கோடியில் நின்ற கார் சிமிட்டியது. சந்தோஷமாக உறையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் இறங்கி நாலடி நடந்து அமுக்கினால், பழைய கதை.

திரும்பப் போனேன். பாய் மறுபடி உறையைக் கழற்றினார். பேட்டரி தொடும் தகட்டைத் துடைத்து, கொஞ்சம் நிமிர்த்திவிட்டார். கடையில் நன்றாக வேலை செய்தது. வீட்டில் செய்யவில்லை.

"சாவியில ஒண்ணும் இல்லண்ணே. கோளாறு உங்க வீட்டுலதான்" என்றார் பாய்.

அதை நான் அப்படியே நம்பிவிட்டேன். நம் தெரு முனையில் செல்போன் டவர் இருக்கிறதல்லவா, அதுதான் ரிமோட்டை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று முடிவு செய்து, காரை வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கேயும் அதேதான். டவரின் வீச்சு அதுவரைக்கும் வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பக்கத்திலும் ஒரு டவர் இருக்கத்தான் செய்தது. பார்க்கப் பார்க்க எங்கே பார்த்தாலும் டவர்.

உண்மை தெரிந்தது ஒரு மறதியால். கடைசி முறையாகப் பாயிடம் காட்டிவிட்டு, டீச்சர் போன் செய்ததால் அவசரமாகக் கிளம்பினேன். உறை மேசையிலேயே கிடந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலிருந்து அமுக்கினேன், கார் திறந்தது. சாயங்காலம் வீட்டு வாசலில், டவர் கண் முன்னால் நிற்கும்போதே, திறந்தது. சாவி மொட்டையாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் உறையை வாங்கப் போனபோது பாய் அதை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சுக்குள் ஏதோ தட்டையாக, கெட்டியாக இருக்கிறது என்றார். பிளேடை எடுத்தார். நான் தடுத்து, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தைத்தவளைக் கேட்காமல் பிரிக்க மனம் வரவில்லை.

உங்கள் அம்மா ரோட்டில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாதி ரோட்டை அடைத்து நெல். காலாலேயே வரிவரியாகக் கிண்டிக்கொண்டு நடந்தாள். நானும் ஓரமாகக் கூடவே நடந்தேன். உறையை நீட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் நிற்கவில்லை.

"மாதா டாலர். பூண்டி மாதா கோயில்ல சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்குனது."

"கார்லதான் முன்னாடியே மாதா படம் இருக்கே?"

"அது காருக்கு. தம்பி வேன்லயும் படம் இருந்துச்சு, வேனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் எறங்கி நடந்தான். நீங்களும் எறங்கி நடப்பீங்க. எறங்கறப்ப கையில என்ன இருக்கும்? சாவிதான் இருக்கும்."

நான் இதை யோசித்ததே இல்லை. கழுத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், சாவியை மறந்துவிட்டு வண்டி ஓட்ட முடியாது என்றாள்.

பிறகு விசயத்தைச் சொன்னேன். சாவிக்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை கிளம்பிக் காருக்குப் போகிறது, உலோகம் அதோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் அலையைப் பாதியிலேயே மறித்துவிடுகிறது, அதனால்தான் டீச்சரின் அப்பா வெயிலில் நிற்கிறார் என்றேன். பெரியவர் தரையில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அதுவரை அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் அவள் நின்றாள். காலில் ஒட்டியிருந்த நெல்லை உதறிவிட்டு என் கையிலிருந்து சாவியையும் உறையையும் வாங்கினாள். உறை தைக்க அளவெடுத்ததைத் தவிர, அவள் அந்தச் சாவியைத் தானாக வாங்கியது அன்றுதான்.

உறையை அவளே பல்லால் கடித்துப் பிரித்தாள். டாலர் ஒரு பிஸ்கட் அகலம் இருந்தது. அதைச் சாவியின் முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு, நெல்லின் ஓரமாகத் தூரம் போய் அமுக்கினாள். கார் சும்மா நின்றது. டாலரைக் கொஞ்சம் நகர்த்தி அமுக்கினாள். இல்லை. விரல் அளவு தள்ளினாள். ஒரு தடவை சிமிட்டியது, மறு தடவை இல்லை. நான் காருக்குப் பக்கத்தில் நின்று சிமிட்டுகிறதா இல்லையா என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, என்ன இரண்டு பேரும் விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் அம்மா டாலரைச் சாண் அளவுக்குத் தள்ளிப் பிடித்தாள். அதற்குப் பிறகு அமுக்கிய தடவையெல்லாம் சிமிட்டியது. இன்னும் தள்ளிப் போய், மதகின் மேல் ஏறி நின்று அமுக்கினாள். அங்கிருந்தும் சிமிட்டியது.

திரும்பி வந்து, சாக்கு தைக்க வைத்திருந்த சணலில் அந்தச் சாண் அளவுக்கு வெட்டினாள். ஒரு முனையில் சாவி வளையம், மறு முனையில் டாலர். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"எட்டத்துல தொங்குனாலும் மாதா பாத்துக்குவாங்கள்ல?"

"கூடத்தானே வருது" என்றேன்.

அவள் டாலரை முந்தானையால் துடைத்தாள். எனக்கு டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் சாவியைக் கேட்கவில்லை. வண்டியை விற்கச் சொன்னால் அன்றே சொல்லிவிடட்டும் என்றுதான் நின்றேன்.

சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். சணல் வெளியே தொங்கியது.

"கெளம்புங்க. அந்த அய்யா வாசல்ல வந்து ஒக்காந்திருப்பாரு. ரோட்ட தாண்டுறப்ப ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுங்க."

அறுவடை முடிந்து முடிவு சொல்வதாகச் சொன்னாயே என்று கேட்டேன். அதற்கு அவள் திரும்பிப் பார்க்காமல், நெல்லுக்குள் இறங்கி, "அதான் சொல்லிட்டேனே" என்றாள்.