என்னை மாற்றக் கிளம்பிய வேன்

குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து நான் மந்திரித்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. டிராக்டர், மொபெட், நெல் அறுக்கிற மிஷின், கரும்பு லாரி, ஒரு தடவை டவுனிலிருந்து வழி தவறி வந்த ஐஸ் வண்டி. தீர்த்தம் தெளித்து, விபத்தில்லாமல் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மனம் உருகி, ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல் நான் மந்திரித்தது ஒரே ஒரு வேனுக்குத்தான். என்னை ஊரைவிட்டு மாற்றும்படி ஆயரிடம் முறையிட என் பங்கு மக்கள் அமர்த்திய வேன் அது.

அப்போது அரும்பாவூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு பங்கில் சாமியாராக இருந்தேன். நடுவில் பெரிய கோயில், சுற்றிலும் சோளக்காட்டுப் பாதைகளில் ஏழெட்டுக் கிளை ஊர்கள். சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தலையில் கை வைத்து மந்திரிப்பேன், எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் பிரசங்கத்தைக் கேட்கும் நிலைமை அவர்களுக்கு வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சண்டையெல்லாம் ஞானஸ்நானம் வாங்கியவர்களோடுதான்.

வந்த புதிதிலேயே, விடியற்காலையில் கோயில் உச்சியில் இருந்த கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதை நிறுத்தினேன். மனிதர்கள் தூங்க வேண்டாமா என்பது என் கட்சி. பாட்டுக் கேட்காவிட்டால் கோயில் பூட்டிக் கிடக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரன் நினைப்பான் என்பது அவர்கள் கட்சி. அடுத்தது பிரசங்கம். நீளம் என்றார்கள். நீளம்தான், நான் மறுக்கவில்லை. யாராவது தூங்கி விழுந்தால் எழுப்பி உட்காரவைத்து, அவருக்காக முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இதைச் சேவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில்தான் முற்றியது. கோயிலில் கல்யாண அறிவிப்பு, அதாவது ஓலை, வாசிக்கும் முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து, ஜெபங்களை ஒப்பிக்கச் சொல்லி மந்திரம் கேட்பது வழக்கம். எனக்கு முன்னால் இருந்த சாமியார்கள் முதல் வரியைச் சொன்னாலே போதும் என்று தலையாட்டி விடுவார்களாம். நான் விசுவாசப் பிரமாணத்தை முழுதாகக் கேட்டேன். லாரி ஓட்டும் ஒரு மாப்பிள்ளை பாதியில் பிலாத்து பெயர் வருகிற இடம் வரைக்கும் வந்து பிரேக் போட்டுவிட்டான். படித்துக்கொண்டு அடுத்த வாரம் வா என்று அனுப்பினேன். அடுத்த வாரமும் பிலாத்தைத் தாண்டவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நூறு ஊருக்கு வழி தெரிகிற உனக்கு இது தெரியாதா என்று சொந்தக்காரர்கள் முன்னிலையில் சத்தம் போட்டேன். ஓலை தள்ளிப்போய், கல்யாணமும் தள்ளிப்போனது. மாப்பிள்ளை, பங்குப் பேரவைத் துணைத் தலைவருக்கு அக்கா மகன்.

என்னைத் துரத்துவது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த ஊரைவிட்டுப் போக அவர்களைவிட எனக்குத்தான் அவசரம்.

என் அப்பா தா.பழூர் பக்கம் கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் அக்கா வீட்டில் இருந்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்து என்னைக் குருமடத்துக்கு அனுப்பிய மனிதர். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். பிறகு எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்க யாரு என்றார். தஞ்சாவூர் டாக்டர், இது திரும்பி வராது, பெற்ற பிள்ளைகளின் முகம் கடைசியில்தான் மறக்கும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியறப்பவே வந்து பக்கத்துல இருந்துக்க தம்பி. அப்புறம் நீ வந்தும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.”

ஆயரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்பாவைப் பற்றி நிதானமாக விசாரித்தார். தா.பழூர் பக்கத்தில் ஒரு பங்கு காலியாகிறது, மே மாத மாற்றலில் அங்கே போட்டுவிடுகிறேன் என்றார். அறிவிக்கும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்பது முறை. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பிடித்த சாமியாரை மாற்றப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டால், மக்கள் வேன் பிடித்து ஆயர் இல்லத்துக்குப் போய், எங்க சாமியை எங்களுக்கே விட்டுடுங்க என்று கேட்பார்கள். பல தடவை கிடைத்தும்விடும். பிடிக்காத சாமியாராக இருந்தாலும் அதே வேன், அதே ஆட்கள், அதே வெள்ளை வேட்டி. என்ன காரியமாக வந்திருக்கிறார்கள் என்பது வாயைத் திறந்தால்தான் தெரியும்.

ஈஸ்டர் முடிந்ததும் உபதேசியார் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். நான் இல்லாத ஊர்களில் ஜெபம் நடத்துகிறவர் அவர். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வேண்டும் என்று நினைப்பவர். நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தார். எத்தனை பேர் போகிறார்கள், இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்றேன். பாவம், என் புத்தி கலங்கிவிட்டதாக நினைத்துப் போய்விட்டார்.

கிளம்பும் நாள் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் வேன் நிற்கிறது. திட்டப்படி அவர்கள் ஊர் எல்லையிலேயே ஏறியிருக்க வேண்டும். கெடுத்தவர் டிரைவர். அவர் அரும்பாவூர்க்காரர், இந்து. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார், அதோடு சாமியார் தீர்த்தமும் தெளித்தால்தான் நெடும்பயணத்துக்கு வண்டியை எடுப்பார். அவர் தொழிலில் அது கொள்கை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் துணைத் தலைவரே என் முன்னால் வந்து நின்றார். எங்கே பயணம் என்று கேட்டேன். வேளாங்கண்ணிக்கு என்றார். வேனுக்குள் ஒரு பெண்பிள்ளை இல்லை, ஒரு குழந்தை இல்லை, சோற்று மூட்டை இல்லை. முழுக்க ஆம்பளைகள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கியோடு, தீர்த்தச் செம்போடு வேனைச் சுற்றி வந்தேன். இவர்கள் எந்தக் காரியத்துக்காகப் போகிறார்களோ அந்தக் காரியம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிய வேண்டும், இவர்கள் நாவில் நல்ல வார்த்தையைத் தாரும், கேட்கிறவர் மனம் இரங்கட்டும் என்று வேண்டினேன். கண் கலங்கிவிட்டது. ஆமென் என்று சொன்னவர்களில் என் குரல்தான் பலமாகக் கேட்டது.

வேன் போனதும் உள்ளே போய்ப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, அடுத்த மாசம் வந்துவிடுவேன் என்றேன். அவள் அப்பாவிடம் ரிசீவரைக் கொடுத்தாள். எப்படா வர்றே என்றார். குரல் தெரிந்தது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆயர் இல்லத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் டிரைவர்தான். கூடத்தில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஆயர் வந்தார், வரிசையில் நின்று அவர் மோதிரத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்கள், எல்லோருக்கும் காபி வந்தது. உங்க சாமி எப்படி இருக்காரு என்று ஆயர் கேட்டார். எங்கள் ஊரில் எந்தக் குறையையும் எடுத்த எடுப்பில் சொல்லும் பழக்கம் கிடையாது. முதலில் நாலு நல்லது சொல்லி, அப்புறம் ஆனா என்று இழுக்க வேண்டும். மேலும் சாமியாரைப் பழித்தவன் குடும்பம் விளங்காது என்று ஒரு பயம். ஆகவே நல்லதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த ஆனாவை மட்டும் அடுத்தவன் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

துணைத் தலைவர் எழுந்து, சாமி தங்கமானவர் என்று ஆரம்பித்து, அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை மழையென்றும் பார்க்காமல் வந்து பார்ப்பார் என்று சொல்லி மூன்றாமவரைப் பார்த்தார். மூன்றாமவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றியதைச் சொன்னார். இப்படியே சுற்றி வந்தது. லாரி ஓட்டும் மாப்பிள்ளையும் போயிருந்தான். அவன் முறை வந்தபோது பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு, சாமிதான் எனக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தாரு என்று சொல்லி அழுதேவிட்டான்.

ஆயருக்கு மனம் இளகிவிட்டது. உங்க சாமியை மாத்தறதாத்தான் இருந்தேன், எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, இன்னும் மூணு வருசம் உங்களுக்கே விடறேன் என்றார். முப்பது பேரும் மண்டியிட்டு நன்றி சொன்னார்கள். வெளியே வந்து வேனில் ஏறியதும், அந்த ஆனாவை நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்களாம். வேளாங்கண்ணி என்று சொல்லித் தீர்த்தம் வாங்கிய பயம் வேறு. வண்டியை அப்படியே வேளாங்கண்ணிக்கு விடச் சொல்லி, எல்லோரும் மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார்கள்.

ஆயர் அன்று சாயங்காலமே போன் செய்தார். மக்கள் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்றார். ஆயரை நாங்கள் அழைக்கும் முறைப்படி, ஆண்டவரே, அவர்கள் அதற்கு வரவில்லை, என்னைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது என்றேன். இந்தத் தாழ்மைதான் அவர்களைக் கவர்ந்திருக்கிறது என்றார். நான் எவ்வளவுக்கு என்னைப் பற்றி மோசமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவர் என்னை மெச்சினார். அப்பாவை நினைவுபடுத்தினேன். மறக்கவில்லை, கண்ணீர்விட்டுக் கேட்கிற ஜனங்களிடம் எப்படி இல்லையென்பது, வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அன்றைக்கு எல்லோர் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அட்டைப்பெட்டிகளை எட்டி உதைத்தேன்.

அந்த ஆத்திரத்தில் உபதேசியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அவர் மூலமாக அப்பா விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. துணைத் தலைவர் மொட்டைத் தலையோடு வந்து நின்றார்.

“தெரியாமப் போச்சுங்க சாமி. இன்னொரு தரம் போயி, விசயத்தை ஒடச்சுச் சொல்லிட்டு வந்துடட்டுங்களா?”

“வேணாங்க. இன்னொரு தரம் போனீங்கன்னா அஞ்சு வருசமா ஆக்கிட்டு வந்துடுவீங்க.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் யாரும் என் பிரசங்கத்தில் தூங்கவில்லை, தூங்கினாலும் நான் எழுப்பவில்லை. ஸ்பீக்கரை மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னேன், சாமி தூங்கட்டும் என்று அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமைதோறும் பேண்ட் சட்டையோடு கிளம்புவேன். பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தலையெல்லாம் வெள்ளையாகப் போய் இறங்குவேன். அந்த வருடங்களில் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், கொஞ்ச காலத்திலேயே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். ஒரு மாவட்டத்தையே போக வர மாற்ற முடிகிறது, என்னை ஒரு தடவை மாற்ற முடியவில்லை.

அப்பா முதல் வருடம் நான் தெருவில் வரும்போதே அடையாளம் கண்டார். அடுத்த வருடம் கிட்டே வந்து பேசினால் கண்டுபிடித்தார். அப்புறம் அக்கா சொன்னால், ஆமாம் ஆமாம் என்பார். அந்த ஆமாம், அக்காவின் மனம் நோகக்கூடாது என்று சொன்ன ஆமாம் என்பது எனக்குப் புரிந்தது. இறங்கிய உடனே திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும். ஆனாலும் போனேன்.

மூன்றாவது வருடம் ஒரு திங்கட்கிழமை, காலையில் ஓர் அடக்கப் பூசை. உடை மாற்ற நேரமில்லாமல் அங்கியோடே பஸ் ஏறிவிட்டேன். அக்கா வீட்டு வாசலில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். எனக்குப் பட்டம் கொடுத்த அன்றுகூட என்னை டா போட்டுக் கூப்பிட்டவர், வாங்க சாமி, உக்காருங்க என்றார். கட்டிலில் தான் உட்காராமல், நான் உட்காரும்வரை நின்றார். அக்கா உள்ளிருந்து வந்து ஏதோ சொல்லப் போனாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

எந்த ஊர் சாமி என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“எம் மவனும் உங்களாட்டம் சாமியாருதானுங்க. அந்தப் பக்கந்தான் எங்கியோ மலையடியில போட்டு வச்சிருக்காங்க. நீங்க பெரிய சாமிகிட்டச் சொல்லி, அவன இந்தப் பக்கம் கொஞ்சம் மாத்திவிடச் சொல்லுங்க. எனக்கு மறதி சாஸ்தியாவுது. அவன் வர்றப்ப ஆளு தெரியாமப் போயிடுமோன்னு கெதக்குங்குது.”

“சொல்றேங்கய்யா” என்றேன்.

அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்து, சாமியாரைத் தொடலாமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு என் முதுகில் கை வைத்தார்.

“அழுவாதீங்க சாமி. அவன் வந்துடுவான்.”