நார்மன் கார்பட்டின் நான்கு வரி மசோதா

நார்மன் கார்பட் பதினெட்டு ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். ஒருநாள்கூட முன்வரிசையில் உட்காரவில்லை. அமைச்சராகவில்லை, அமைச்சருக்கு உதவியாளராகவும் ஆகவில்லை. அவரைப் பெரிய மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அவையில் அந்தச் சொல்லை, செத்துப்போன எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். விடாப்பிடியான மனிதர் என்று சொல்லலாம். அதுதான் சரியான அளவு.

எழுபதுகளின் நடுவில் நான் ஆளுங்கட்சியின் இளைய கொறடா. வடகிழக்குக் கரையோர உறுப்பினர்கள் பதினொரு பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். யார் வாக்கெடுப்புக்கு வருவார், யாருக்குப் பல்வலி, யார் மாமியார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தலை எண்ணுவதுதான் என் தொழில்.

கார்பட், ஸ்கெல்பி துறைமுகத்தின் உறுப்பினர். அதற்கு முன் பதினான்கு குளிர்காலங்கள் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். அவை தொடங்கும் பிரார்த்தனைக்கு முன்பே வந்து கடைசி வரிசையில் தன் பெயர்ச்சீட்டைச் செருகி இடம் பிடித்துவிடுவார். அந்த இடத்துக்கு அவரைத் தவிர யாரும் ஆசைப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். அங்கிருந்து எழுந்து, ஸ்கெல்பி மீன்சந்தையின் கழிவுநீர் எப்போது சரியாகும் என்று கேட்பார். அடுத்த வாரம், காலொடிந்த ஒரு மாலுமியை நார்வே துறைமுகத்தில் இறக்குவதற்கு ஏன் மூன்று நாள் அனுமதி தேட வேண்டியிருந்தது என்று கேட்பார். இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்பார். அவர் எழுந்தால் தேநீர் அறையில் வரிசை நீளும்.

"உள்நாட்டு விவகாரம், வெளிநாட்டு விவகாரம், ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சுக்குங்க நார்மன். அப்பத்தான் பத்திரிகைக்காரங்க உங்களைக் கண்டுக்குவாங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"சாக்கடை கடல்லதான தம்பி போய் விழுது? வெளிநாடு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் மார்ஜரி டீன் என்ற கப்பல் இருபது பேரோடு ஐஸ்லாந்துக்கு வடக்கே காணாமல் போனது. காணாமல் போனதே ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கேப்டன்கள் ரேடியோவில் வாய் திறக்க மாட்டார்கள். மீன் கிடைக்கும் இடத்தை அடுத்த கப்பல்காரன் கேட்டுவிடுவான் என்ற பயம். அதனால் ஒரு கப்பல் மௌனமாக இருந்தால் அதன் வலை நிறைகிறது என்றுதான் கரையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆறு நாளும் இருபது வீடுகளிலும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கார்பட் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் எழுதிய மசோதா நான்கே வரி. கடலுக்குப் போகும் ஒவ்வொரு மீன்பிடிக் கப்பலும் நாளுக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தனிநபர் மசோதாக்களுக்கான சீட்டுக் குலுக்கலில் அவருக்கு வந்தது பதினேழாம் இடம். விவாதத்துக்கு நேரமே கிடைக்காத இடம். அப்படிப்பட்ட மசோதாவுக்கு ஒரே வழிதான் உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு விவாதம் நின்றுவிடும். மீதமிருக்கும் மசோதாக்களின் தலைப்புகளைச் செயலர் ஒவ்வொன்றாக வாசிப்பார். யாரும் பேசாவிட்டால் மசோதா அந்தப் படியைத் தாண்டிவிடும். யாராவது ஒருவர் 'ஆட்சேபம்' என்று சொன்னால் முடிந்தது. எழுந்து நிற்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், அவைக்குறிப்பில் பெயரும் வராது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்.

எனக்கு வந்த உத்தரவு அது. மீன்பிடி எல்லை பற்றி ஐஸ்லாந்தோடு எங்களுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ரோந்துக் கப்பல்கள் வந்து எங்கள் வலைக் கயிறுகளை அறுத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கப்பலும் தினமும் தன் இடத்தை ரேடியோவில் சொன்னால் அது அவர்களுக்கு வழிகாட்டுவது போல ஆகும் என்று வெளியுறவுக்காரர்கள் நினைத்தார்கள். தப்பான நினைப்பு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வெள்ளியன்று கார்பட் தேநீர் அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். வெண்ணெய் தடவிய பன்னில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

"குரல் கொஞ்சம் கட்டியிருந்துச்சே இன்னிக்கு. தேன் போட்டுக் குடி."

"நார்மன், அது என் வேலை."

"தெரியும். நானும் பன்றித் தொடையை உப்புல போட்டு வேக வச்சிருக்கேன், எனக்கே பிடிக்காது. வேலைதான."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் சண்டை ஓய்ந்து ஒப்பந்தம் ஆனது. எங்கள் கப்பல்கள் சிலவற்றுக்கு மட்டும், சில இடங்களில் மட்டும் அனுமதி. ஸ்கெல்பிக்கு அது இழவுச் செய்தி. ஒப்பந்தத்துக்கு எதிராகத்தான் வாக்களிப்பேன் என்று கார்பட் மீனவர் மன்றத்தில் மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். எங்களுக்கோ அவையில் பெரும்பான்மை நூலிழை. தலைமைக் கொறடா என்னைக் கூப்பிட்டு, கார்பட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன்.

மறுநாள் அவரை நூலகத்தில் பிடித்தேன். "செவ்வாய்க்கிழமை எங்ககூட ஓட்டுப் போடுங்க. வெள்ளிக்கிழமை என் வாய் திறக்காது. அந்த ஒரு படியைத் தாண்டிட்டா மீதியை அரசாங்கமே பார்த்துக்கும்."

அதுதான் அந்தக் கூட்டத்தொடரின் கடைசி மசோதா வெள்ளி. அன்று தவறினால் மசோதா செத்துப்போகும்.

கார்பட் புத்தகத்தை மூடி வைத்தார். "ஊருக்குப் போய் முதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன். முதுகுக்குப் பின்னால போட மாட்டேன்."

"சொன்னா உங்க சீட்டு போயிடும்."

"சொல்லலைன்னாலும் போயிடும் தம்பி. கொஞ்சம் லேட்டா போகும்."

திங்களன்று திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஜாக் ஹெஸல் என்ற கேப்டன் மன்றத்தின் நடுவில் எழுந்து நின்றானாம். கார்பட் அவனுடைய கப்பலில்தான் அதிக காலம் சமைத்திருந்தார். "இவன் போட்ட சோத்தைத் தின்னு ஒன்பது வருஷம் சாகாம இருந்தோம். இப்ப ஒரே ஓட்டுல கொல்லப் பார்க்குறான்" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"நீங்க?"

"நானும்தான் சிரிச்சேன். நல்லாத்தான இருக்கு."

செவ்வாயன்று எங்களோடு வாக்களித்தார். மூன்று வாக்கில் வென்றோம்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். அவையில் பத்துப் பேர்கூட இல்லை. கார்பட் தன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்கு அடித்தது. செயலர் வாசிக்கத் தொடங்கினார். மீன்பிடிக் கப்பல் மசோதா ஆறாவது.

தலைப்பை வாசித்து முடித்தார். அந்த அமைதியை என்னால் இன்றும் அளக்க முடியும். மூச்சு இழுத்து விடும் நேரம்.

"ஆட்சேபம்."

எதிர்வரிசையிலிருந்து வந்தது. சர் ஆம்ப்ரோஸ் லைடன். எண்பதை நெருங்கியவர். விவாதிக்காமல் எந்தச் சட்டமும் ஆகக்கூடாது என்பது அவர் கொள்கை. முப்பது ஆண்டுகளாக வெள்ளிதோறும் வந்து எல்லா மசோதாவையும் ஒரே மாதிரி ஆட்சேபிப்பார். மார்ச்சில் இடுப்பெலும்பு உடைந்து மருத்துவமனைக்குப் போனார். அவர் வராத வெள்ளிகளுக்கு நாங்கள் பழகிவிட்டோம். அன்று இரண்டு கைத்தடிகளோடு திரும்பி வந்திருந்தார். முன்னிருந்த ஐந்து மசோதாவையும் அவர்தான் வெட்டியிருந்தார். ஆறாவது வரும்வரை நான் கார்பட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், குரல் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மற்ற மசோதாக்களை வழக்கம்போல் எங்கள் கொறடாக்களில் யாரோ வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தலை எண்ணுவதைத் தொழிலாகக் கொண்டவன் ஒரு தலையை விட்டுவிட்டேன்.

வெளியே நடைவழியில் ஆம்ப்ரோஸிடம் போனேன். "சார், மார்ஜரி டீன் கப்பல் விஷயம் அது."

அவர் தடிகளை ஊன்றி நின்றார். "அந்தக் கப்பலா? எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலையேப்பா. முன்னாடியே சொல்லியிருந்தா நான் வெளியே போய் நின்னுருப்பேனே. எத்தனையோ பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கேன்."

உண்மை. செய்திருக்கிறார். ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தால் போதும்.

கார்பட் எங்களை நோக்கி வந்தார். கிழவர் தடிகளை ஒரு கைக்கு மாற்றி மன்னிப்புக் கேட்க முயன்றார், தடுமாறினார். கார்பட் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சார். விவாதிச்சுத்தான் சட்டம் ஆகணும்னு நானும்தான் சொல்லுவேன். படியைப் பாத்து இறங்குங்க." வாசல்வரை அவரைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் அன்று அவர் பேசவில்லை.

அடுத்த தேர்தலுக்கு ஸ்கெல்பி வேறு ஆளை நிறுத்தியது. அவர் இருந்த இடத்தில் சீட்டுச் செருக யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் கண் அங்கே போகும். தேநீர் அறையில் பாதி பன்னைப் பிய்த்துக் கொடுக்கும் ஆளும் அதற்குப் பின் எனக்கு அமையவில்லை.

அவர் தோற்றார் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒருமுறை ஒரு கூட்டத்துக்காக ஸ்கெல்பி போனபோது, அவர் துறைமுக அலுவலகத்தில் இருப்பார் என்றார்கள். ரேடியோ அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். சம்பளமில்லாத வேலை. ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தக் கப்பல் எங்கே மீன்பிடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒளிக்க இடமே மிச்சமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் ஐஸ் ஏற்றும் விடியற்காலைகளில் கரையில் நின்று, ஒவ்வொரு கேப்டனாகக் கேட்டிருக்கிறார். முதலில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒன்பது. எல்லோரையும் வழிக்குக் கொண்டுவர நான்கு ஆண்டுகள் ஆயின.

நண்பகல் பன்னிரண்டு மணி. கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பேசின. இருக்கும் இடத்தின் எண்கள்தான், வேறொன்றும் இல்லை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாக, இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த குரல் தன் இடத்தைச் சொன்னது. சொல்லிவிட்டு நிறுத்தவில்லை.

"கார்பட் இருக்கானா அங்க?"

"இருக்கேன் ஜாக்."

"உனக்கு நான் இன்னும் ஓட்டுப் போட மாட்டேன்."

"நான்தான் நிக்கலையேடா."

"நின்னாலும் போட மாட்டேன். சொல்லி வைக்கிறேன்."

"சரி. இடத்தை இன்னொரு தடவை சொல்லு, சரியா கேட்கலை."

ஹெஸல் திரும்பவும், மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான்.