தூணுக்குப் பின்னால் திருடன்

அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை, அடியில் எண்ணெய் பிசுக்கேறிய பள்ளம், நடுவே இரும்புக் கயிறு. காலையில் மேலே ஏறினால் மத்தியானம் கீழே இறங்குவான். ஒருநாள் தீப்பெட்டி என்று பட்டப்பெயர் கொண்ட சிநேகிதி அவனைத் தேடி வந்து, "டாக்டர் மேல இருக்காரா?" என்று காவலாளியிடம் கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்த மனிதர் தன் முட்டிவலிக்கு இவனிடம் மருந்து கேட்கிறார். "எண்ணெய் போடுங்கண்ணே" என்று இவனும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். "இப்பக் கொஞ்சம் பரவாயில்ல டாக்டர்" என்கிறார் அவர்.

பட்டம் கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இன்றைக்கு வருகிற விளையாட்டுகளைப்போல் இல்லை அது. மேலேயிருந்து சாய்வாக எட்டிப் பார்ப்பதுபோல ஒரு திரை. அதில் பாழடைந்த கோட்டைகள், சுரங்கங்கள், நகம் அளவுக்கு நாலு உருவங்கள். ஒரு வீரன், ஒரு மந்திரக்காரி, ஒரு திருடன், ஒரு வைத்தியன். எதிரி வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். உலகம் அப்படியே நின்றுவிடும். யார் எங்கே போவது, யாரை அடிப்பது, யாருக்கு மருந்து என்று நாலு பேருக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் உலகம் ஓடும்.

ஒரு ஆள் உட்கார்ந்து நாலு பேரையும் ஆட்டிவைக்கத்தான் அந்த விளையாட்டைச் செய்திருந்தார்கள். டாக்டர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான், ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டாளிகள் நாலு பேர். அதனால் ஆளுக்கு ஒரு உருவம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

மருந்துக்கடை வைத்திருப்பவர் வீரன். பல்லியைக் கண்டால் கல்லாவை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிற ஒல்லியான மனிதர். அவர் பெயர் கோடாரி ஆயிற்று. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள் மந்திரக்காரி. வாரம் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று தொண்டை கிழியக் கத்துபவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதிரியோடு சேர்த்துத் தன் கூட்டாளிகளையும் கொளுத்துவாள். அவள் தீப்பெட்டி. டாக்டரின் அண்ணன் கணக்கு வாத்தியார். கடைக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்து போகிற ஜாதி. அவன்தான் திருடன். "வாரத்துல ஒரு நாளாவது நான் நிம்மதியா திருடணும்டா" என்பான். மிச்சமிருந்த வைத்தியன் வேலை தம்பிக்கு, அதாவது டாக்டருக்கு. எல்லோருக்கும் பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போட வேண்டும். மவுஸும் அவன் கையில்தான்.

ஆனால் கைதான் அவனுடையது. யாருடைய உருவமோ அவர் வாயைத் திறந்து சொல்லாமல் அதை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. சட்டம் போட்டது அண்ணன். அண்ணனுக்குச் சட்டம் போடுவதில் அலாதி இன்பம். ஆட்டத்தில் செத்தவர் வாயைத் திறக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, கண்ணைக்கூடச் சிமிட்டக் கூடாது. ஆட்டத்தைச் சேமித்து வைப்பது ஒரே ஒரு இடத்தில். பழையதன் மேலேயே புதியதை எழுத வேண்டும், சரியில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது. நாலு பேரும் செத்தால் அதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"வாழ்க்கையில திரும்பிப் போக முடியுதா? இங்க மட்டும் என்ன சலுகை?" என்பான்.

"சார், கிளாஸ் எடுக்காதீங்க" என்பாள் தீப்பெட்டி.

அந்தச் சட்டங்களின் புண்ணியத்தில் அந்த ஆட்டத்தை அவர்கள் ஒருதடவைகூட முடித்ததில்லை. காலேஜ் நாட்களில் ஒருமுறை தீப்பெட்டியின் நெருப்பில் நாலு பேரும் கருகினார்கள். இன்னொருமுறை அவளுக்குக் கல்யாணமாகி ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எல்லோருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு மறுபடி கூடினார்கள். பருத்த பழைய மானிட்டர், உருண்டை வைத்த மவுஸ், அதில் சுற்றிக்கொள்ளும் அழுக்கை நகத்தால் சுரண்டுவது, நாலாவது சீடியைப் போடச் சொல்லி வரும் அறிவிப்பு, உடனே யாராவது "மூணாவதை எங்கடா வச்ச?" என்று கத்துவது. எல்லாம் அப்படியே இருந்தன. புது விளையாட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். படம் பிரமாதம். ஆனால் உலகத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சண்டை போட முடியவில்லை. அந்தச் சண்டைக்காகத்தான் இவர்கள் வந்ததே.

இந்தத் தடவை கடைசி மாளிகை வரைக்கும் வந்துவிட்டார்கள். உள்ளே ஒற்றைக் கண் அரசன். அண்ணனின் திருடன் மாளிகையைச் சுற்றி வேவு பார்க்கத் தனியாகப் போனான்.

"அந்தத் தூணுக்குப் பின்னால நிறுத்து. இருட்டுல இருக்கட்டும். முகம் கழுவிட்டு வந்து பாக்கறேன்."

டாக்டர் நிறுத்தினான். ஆட்டத்தைச் சேமித்தான். அண்ணன் குளியலறையில் விழுந்த சத்தம் மாடி வரை கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பவில்லை.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளாதவன். மாடியறை அவனுக்கு, கீழே அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரைப் போடுவான். விளையாட மாட்டான். ஸ்பேஸ் பாரைத் தட்டி உலகத்தை நிறுத்திவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிற அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணன் கடைசியாகச் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அது அங்கேயே நின்றது. உலகத்தில் அண்ணன் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிவிட்டது. சட்டைகள் யார் யாருக்கோ போயின, செருப்பு குப்பைக் கூடைக்குப் போயிற்று.

அப்படியிருக்கையில்தான் கோடாரி கடையை விற்றார். மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறான், செவ்வாய்க்கிழமை விமானம்.

"டாக்டரு, முடிக்காமலே போறதாடா?" என்றார் போனில்.

"விடுங்கண்ணே."

"விட்டா உங்கண்ணன் என்னை விடமாட்டான். கனவுல வந்து வீட்டுப்பாடம் கேக்கறான்."

தீப்பெட்டிக்கு இவன் தயங்குகிற காரணம் புரிந்துவிட்டது. அவள் இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவள். "சேமிச்சு வச்சிருக்கற அந்த ஆட்டத்தை ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சுக்கோ. அப்புறம் ஆடலாம். யாருக்கும் தெரியாது."

"அவன் ஒத்துக்க மாட்டான்."

"அவரு எங்கடா வந்து பாக்கப்போறாரு?"

கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் பென்டிரைவைக் கையில் எடுத்தான்தான். கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு மேஜை டிராயரில் போட்டு மூடினான். கோடாரியின் முகத்துக்காக ஒத்துக்கொண்டாயிற்று, ஒத்துக்கொண்டதை அண்ணன் முறைப்படியே செய்ய வேண்டும் என்று நினைத்தான்.

மூன்று பேரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். மூன்று உருவங்களும் மாளிகைக் கதவு வரை போயின. கதவு திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் குறைந்தாலும் அந்த ஆட்டத்தில் வாசல் தாண்ட முடியாது. திருடன் தூரத்தில், தூணுக்குப் பின்னால் நின்றான்.

"அவனை இழுத்துட்டு வாடா" என்றார் கோடாரி.

"அது என்னுது இல்லண்ணே. நான் எப்படித் தொடறது?"

"அவரைக் கூட்டத்துலேர்ந்து நீக்கிட்டா கதவு திறக்கும்" என்றாள் தீப்பெட்டி, குரலே எழும்பாமல். யாரும் அவளைத் திட்டவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "அண்ணியைக் கூப்பிடு. அவர் பங்கு அவங்களுக்குத்தானே?"

அண்ணி பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். இந்த ஆட்டத்தை அவள் சக்களத்தி என்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டு, ஐந்தாவது தடவை மெயின் சுவிட்சை அணைத்தவள். இன்று ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"இதுல அவர் எங்க இருக்காரு?"

டாக்டர் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமா அங்கேயா நிக்க வச்சிருக்கீங்க? தனியா? இருட்டுல?"

"அவன்தான் நிக்கச் சொன்னான் அண்ணி."

"அவர் ஆயிரம் சொல்வாரு. வெளிய கூட்டிட்டு வாங்க தம்பி."

சொல்லியாயிற்று. சொல்ல உரிமை உள்ளவள் சொல்லிவிட்டாள். டாக்டரின் விரல் மவுஸின் மேல் கனத்தது. அழுத்தினான். திருடன் நிழலிலிருந்து பிரிந்து, எதுவுமே நடக்காததுபோலக் குறுகுறுவென்று நடந்து வந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டான். தூண் காலியாக நின்றது. கதவு திறந்தது. ஆட்டம் தானாகவே அந்தப் பழைய சேமிப்பின் மேல் புதியதை எழுதிக்கொண்டது. சின்னதாக ஒரு விளக்கு மினுக்கியது, அவ்வளவுதான்.

சண்டை தொடங்கியது. கோடாரி முன்னால் பாய்ந்தார். தீப்பெட்டி நெருப்பை வீசினாள், வழக்கம்போலக் கோடாரியின் முதுகும் சேர்ந்து எரிந்தது.

"அடிப்பாவி, ஊருக்குப் போறப்பக்கூடவா!"

"குறுக்க வந்தா நான் என்ன பண்றது?"

பழைய சிரிப்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. ஒற்றைக் கண் அரசனை வீழ்த்த ஒரே வழி, திருடன் பின்னால் போய் முதுகில் குத்துவது. அடுத்தடுத்துப் பலமுறை குத்த வேண்டும். அதை மூவரும் அண்ணிக்கு விளக்கினார்கள்.

"வேணாம். அவர் கதவோரமாவே நிக்கட்டும்" என்றாள் அவள்.

"அவர் போனாத்தாம்மா ஜெயிக்க முடியும்" என்றார் கோடாரி.

"ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? அவரை அனுப்ப மாட்டேன்."

கோடாரி விழுந்தார், வாயை மூடிக்கொண்டார். டாக்டர் இருக்கிற மருந்தையெல்லாம் தீப்பெட்டிக்குக் கொட்டினான். அவளும் விழுந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் வைத்தியனும் விழுந்தான். திரையின் வலது ஓரத்தில் மூன்று முகங்கள் சாம்பல் நிறமாயின. அரசன் கதவுப் பக்கம் திரும்பியபோது டாக்டர் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். உலகம் நின்றது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அண்ணி.

செத்தவர் பேசக் கூடாது. கோடாரி தன் விரல்களைப் பார்த்தார். தீப்பெட்டி ஜன்னலைப் பார்த்தாள்.

"தம்பி? சொல்லுங்களேன். ஓடணுமா, அடிக்கணுமா? எனக்கு இதெல்லாம் தெரியாதே."

அவன் திரையோரத்துச் சாம்பல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க."

எதைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா. மூச்சு விடுகிற மெஷினை இன்னும் ஓட்டுவதா, எடுப்பதா என்று பெரிய டாக்டர் கேட்டார். இதே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருத்தி சுவரைப் பார்த்தாள், கூடப் பிறந்தவன் அடுத்த வராந்தா லிஃப்ட்டின் கதவு மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எடுத்துடுங்க" என்று அண்ணிதான் சொன்னாள், தனியாக.

"நான் சொன்னது சரியா தப்பான்னு இன்னி வரைக்கும் ஒருத்தர்கூடச் சொல்லல. ராத்திரியெல்லாம் யார்கிட்ட கேப்பேன் நான்? நீங்க மாடியில கதவைச் சாத்திக்கிட்டு இவரைப் பாத்துட்டிருந்தீங்க. கீழ நான் ஒருத்தி இருந்தேனே தம்பி."

"சரிதான் அண்ணி." டாக்டர் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க சொன்னது சரி. அவன் எப்பவோ போயிட்டான். அதை நான்தான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

கோடாரி மூக்கை உறிஞ்சினார். அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"இங்க?" என்றாள், திரையைக் காட்டி. "இங்க என்ன பண்ணணும்?"

"ஜெயிக்க முடியாது. வெளிய போகவும் முடியாது, சண்டை முடியாம கதவு திறக்காது."

"அப்போ நானே மறுபடியும்..."

"வேணாம். நீங்க சொல்ல வேணாம். இதை நான் பண்றேன்."

அத்தனை காலத்தில் முதல்முறையாக, யார் சொல்லும் இல்லாமல், டாக்டர் அண்ணனின் உருவத்தைத் தொட்டான். அரசனைச் சுட்டினான். ஸ்பேஸ் பாரைத் தட்டினான். அந்தச் சின்ன உருவம் கதவோரத்திலிருந்து கிளம்பி நேராக ஓடியது. ஒரு குத்து விழுந்தது, அரசன் தள்ளாடினான், விழவில்லை. பிறகு நாலாவது முகமும் சாம்பலாயிற்று.

முறைப்படி செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. சேமிப்புப் பக்கத்துக்குப் போனான். ஒரே ஒரு வரி இருந்தது. அழி என்று கொடுத்தான். நிச்சயமாகவா என்று கேட்டது. தீப்பெட்டி அவன் தோளைப் பிடித்தாள். "விட்டுடு, இருந்துட்டுப் போகட்டுமே." அவன் தலையாட்டிவிட்டு அழுத்தினான். பக்கம் வெறுமையாயிற்று. அதற்குமேல் அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

கோடாரி புறப்படும்போது யாரும் மறுபடி ஆடலாம் என்று சொல்லவில்லை. அவர் வாசலில் அண்ணியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் படியிறங்கினார். தீப்பெட்டி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அண்ணி மாடியறையிலேயே நின்றிருந்தாள். அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"நான் வெளிய கூப்பிடாம இருந்திருந்தா, அவர் பாட்டுக்கு அங்கேயே நின்னுட்டு இருந்திருப்பாரு இல்ல?"

அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"இருந்திருப்பான் அண்ணி."